பியூசி சீட்டைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்

சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வரை நடுங்குகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒன்றுமே தெரிவதில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-ஐ விட மனமில்லாமல் ஓட்டுகிறவர்கள் பட்டறையில் அடிக்கடி சொல்லும் புகார் இது. அங்கே கிடைக்கும் வைத்தியமும் பழகியதுதான். மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி, ஐட்லிங்கை ஏற்றிவிடுவார்கள். நடுக்கம் அடங்கும், கூடவே மைலேஜும் இறங்கும்.

நோய் பல நேரம் வேறிடத்தில் இருக்கிறது. ஐட்லிங்கில் திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்க, பிஸ்டன்கள் காற்றை இழுத்தபடி இருப்பதால், இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பிரேக் பூஸ்டருக்கும் ரப்பர் ஹோஸ்கள் போகின்றன. எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்த ரப்பர் விறைத்து வெடிக்கும். அந்த வெடிப்பின் வழியே, கார்புரேட்டர் கணக்கில் வராத காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழையும். வெற்றிடம் ஐட்லிங்கில்தான் அதிகம் என்பதால் நடுக்கமும் அங்கேதான் தெரியும். காற்று கூடிப்போனதற்குப் பெட்ரோலைக் கூட்டிவிடுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டு வாளியைப் பெரிதாக்குகிற வேலை.

இதைக் கண்டுபிடிக்க வேண்டிய துப்பு வண்டிக்காரரின் பாக்கெட்டிலேயே இருக்கிறது. பியூசி எனப்படும் மாசுக் கட்டுப்பாட்டுச் சீட்டில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் என்று இரண்டு அளவுகள் இருக்கும். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு முதலாவது 3 சதவீதம், இரண்டாவது 1,500 பிபிஎம் வரை போகலாம். பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும்தான் வரம்பு. பழைய காருக்குச் சட்டம் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறது. அதிலும் தேறவில்லை என்றால் எங்கோ கோளாறு உண்டு.

இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மோனாக்சைடு ஏறியிருந்தால் பெட்ரோல் அதிகம்: சோக் சிக்கியிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால், எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போகிறது. அப்போது பிளக்கையும் ஹோஸையும் பார்க்க வேண்டும். ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

மலிவாகக் கிடைக்கும் வேக்குவம் கேஜும் பொய் சொல்லாது. கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில், நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை அசையாமல் காட்டும். முள் தாழ்ந்து நிலையாக நின்றால் ஏர் லீக்கோ, பின்தங்கிய டைமிங்கோ காரணமாக இருக்கலாம். ஒரே தாளத்தில் துடித்தால் வால்வைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் வேகத்தைக் கூட்டிப் பிடிக்கும்போது முள் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் பக்கம் அடைப்பு. ஊட்டிக்காரர்கள் மட்டும் பயப்பட வேண்டாம். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும் என்பதால், அங்கே 12 காட்டினாலும் வண்டி நன்றாகவே இருக்கலாம்.

பிரேக் பூஸ்டரை இதில் மறந்துவிடக் கூடாது. எஞ்சினை நிறுத்திப் பெடலை நான்கைந்து முறை அழுத்திவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் புகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பிரேக்கைக் கவனியுங்கள். லீக் தேடுகிறேன் என்று சூடான எஞ்சின்மேல் பெட்ரோலையோ கார்ப் கிளீனரையோ அடிப்பது தீயை வரவழைக்கும் வேலை. ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இவ்வளவு சொல்லும் சீட்டை, போலீஸ் கேட்டால் நீட்டுவதற்கான காகிதமாக மட்டும் ஆக்கி வைத்திருக்கிறோம். 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தில் அபராதம் 10,000 ரூபாய் வரை உயர்ந்தது. பயம் கூடியதே தவிர, படிக்கும் பழக்கம் வரவில்லை. சோதனைக்காக ஸ்க்ரூவைத் திருகி, சான்று கைக்கு வந்ததும் பழையபடி திருப்பி வைக்கும் தந்திரமும் ஒழியவில்லை. எந்த எண் ஏறினால் எதைப் பார்க்க வேண்டும் என்று சீட்டின் பின்பக்கம் நான்கு வரி தமிழில் அச்சிட அரசுக்குப் பெரிய செலவு ஆகாது. போக்குவரத்துத் துறை அதையாவது செய்யட்டும். அதுவரை வண்டிக்காரர்கள் பழைய சீட்டுகளைக் கிழித்துப் போடாமல், புதிதோடு சேர்த்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கார்புரேட்டரை மாற்றச் சொன்னால், முதலில் ஹோஸ்களை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.