மாலையில் ஒரு மணி நேரம்

கல்விச்சாலையின் கதவு இன்று எல்லார்க்கும் திறந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சிக்காலத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், பசியால் வாராதிருந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. உணவு உண்டு, நூல் உண்டு, ஆசிரியர் உளர். எனினும், ஐந்தாம் வகுப்பை எட்டியும் எளிய கதை ஒன்றைத் தடையின்றிப் படிக்க இயலாத சிறுவர் பலர் நம்மிடையே இருக்கின்றனர். இதற்குக் காரணம் யாது?

கற்றோர் வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் ஐயம் தோன்றினால் தாயைக் கேட்கலாம், தமையனைக் கேட்கலாம். செங்கற்சூளையிலும் வயலிலும் உழைத்துக் களைத்து வரும் எழுத்தறியாப் பெற்றோரிடம் அன்பு குறைவின்றி உண்டு. பாடத்தில் துணைசெய்ய மட்டும் அவர்களால் இயலுவதில்லை. இன்று விளங்காத கணக்கின்மேல் நாளைய கணக்கு வந்து அமர்கிறது. நாளடைவில் அச்சிறுவன், 'எனக்குப் படிப்பு வராது' என்று தானே முடிவு செய்துவிடுகிறான். அறியாமையினும் கொடியது இம்முடிவு.

இம்முடிவை மாற்றும் ஆற்றல் மாணவர்க்கு உண்டு. ஆசிரியரிடம் கேட்க அஞ்சும் சிறுவன், அடுத்த தெரு அண்ணனிடமும் அக்காளிடமும் அஞ்சாது கேட்பான். காந்தியடிகள் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டில் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது, மாணவர்தம் இவ்வாற்றலை நம்பியே ஆகும். பெருந்தொற்றால் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்தபின், 2021ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலைவேளையில் அவர்கள் வாழும் இடத்திற்கே சென்று கற்பித்தனர்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு திண்ணையோ மரத்தடியோ போதும். புளியங்கொட்டைகளைக் கொண்டு கூட்டலும் கழித்தலும் காட்டலாம். கதை சொல்லிப் படிக்கும் ஆவலைத் தூண்டலாம். பிள்ளை அமரும் பாயிலேயே நாமும் அமர்தல் வேண்டும். தவறு செய்தவனை நகைத்தல் ஆகாது. மாலைப் பாடம் பள்ளிக்கு ஈடாகாது என்பதையும் மறத்தல் கூடாது. ஒரு பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டால், அதனை அறிந்து தலைமையாசிரியருக்குச் சொல்வதும் நம் பணியே.

எல்லாவற்றினும் இன்றியமையாதது தவறாமை. மூன்று நாள் ஆர்வத்துடன் சென்று, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு, நான்காம் நாள் நின்றுவிடுவதைவிடச் செல்லாதிருத்தலே நன்று. காத்திருந்து ஏமாந்த சிறுவன், 'என்னால்தான் அவர் வரவில்லை' என்று எண்ணுவான். வாரம் இரண்டு நாளே இயலுமாயின் அவ்விரண்டு நாளையே சொல்லுக. சொன்ன நாளில் தவறாது செல்லுக.

'இஃது அரசின் கடமை அன்றோ?' எனச் சிலர் வினவுவர். ஆம், அரசின் கடமையே. ஆயினும் நாம் பயிலும் அரசுப் பள்ளி மக்கள் வரிப்பணத்தால் நடப்பது. கடையில் சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் அவ்வரியைச் செலுத்துகிறார். அவர் பிள்ளைக்கு நாம் கற்பிப்பது பட்ட கடனைத் தீர்ப்பதாகும். அதனை ஈகை என்று கூறிப் பெருமை கொள்ளுதல் பொருந்தாது. நம் படிப்புக் கெடும் என்ற அச்சமும் வேண்டா. கழித்தலில் பத்தைக் கடன்வாங்குவது ஏன் என்று சிறுவனுக்கு விளக்கப் புகுந்தால்தான், அதனை நாம் எவ்வளவு அறிந்துள்ளோம் என்பது நமக்கே புலனாகும்.

மாணவர்களே! நாடு முழுவதையும் திருத்தும் பொறுப்பை ஒருவரே சுமக்க வேண்டுவதில்லை. உங்கள் தெருவில் படிக்கத் தடுமாறும் பிள்ளை ஒன்று இருக்கும். அப்பிள்ளையின் பெயரை அறிந்து, இன்று மாலையே சென்று அதனுடன் அமருங்கள்.