அணைத்து வைத்த கணினிக்கு ஒரு மதிப்புரை

மேசைக் கணினிக்குக் கேபினட் வாங்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கட்டுரை வந்திருக்கிறது. முன்பக்கக் கண்ணாடியின் பளபளப்பு, உள்ளே சுழலும் வண்ண விளக்குகள், மேசைமேல் வைத்தால் அறைக்குக் கூடும் களை என்று பத்தி பத்தியாக வர்ணனை. சுவிட்சைப் போட்டால் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கேபினட் வெறும் பெட்டிதான், கணினியின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கண்ணுக்குப் பிடித்ததை வாங்குங்கள், சூட்டை ஃபேன்கள் பார்த்துக்கொள்ளும் என்பது கட்டுரையாளரின் தீர்ப்பு. கணினியை ஆன் செய்யவே போவதில்லை என்றால் இந்தத் தீர்ப்பில் எனக்கு மறுப்பில்லை.

ஆன் செய்வதாக இருந்தால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அவர் பரிந்துரைக்கும் கேபினட் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டு விளையாடுகிறவர்களுக்கும் வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குமானது. அப்படிப்பட்ட கணினி வேலை மும்முரத்தில் 400 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 400 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். வேறெங்கும் போக வழியில்லை. உள்ளே நுழையும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க வேண்டுமானால், நிமிடத்துக்கு 2 கன மீட்டர் காற்று, ஃபேன் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் அளவில் 70 சி.எஃப்.எம்., அந்தப் பெட்டியைக் கடந்தாக வேண்டும். காற்றோட்டம் பாதியானால் 10 டிகிரி 20 ஆகும். அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் ஏசி இல்லாத மொட்டைமாடி அறை 38 டிகிரியில் இருந்தால், பெட்டியைவிட்டு வெளியேறும் காற்று 58 டிகிரி. அந்தக் காற்றின் பக்கத்தில்தான் ப்ராசஸர் உட்கார்ந்திருக்கிறது. இன்றைய ப்ராசஸர்கள் 95 டிகிரியிலோ 100 டிகிரியிலோ தம்மைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கிராஃபிக்ஸ் கார்டும் அப்படித்தான். வேகத்துக்கும் கேபினட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிய பேனா இந்த இடத்தில் எங்கே போயிற்று?

மேலைநாட்டு மதிப்புரைகள் இருபத்திரண்டு டிகிரிக்குக் குளிரூட்டிய அறையில் சோதித்துவிட்டு இந்தக் கேபினட் பரவாயில்லை என்று சொன்னால், அந்தப் பரவாயில்லைக்கு மேல் நம் ஊர் வெயில் இன்னும் பதினாறு டிகிரியைக் கூட்டிவிடும் என்பதையும் கட்டுரையாளர் வாசகருக்குச் சொல்லியிருக்கலாம்.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருந்தாலும் குற்றமில்லையாம். அதன் பின்னால் மூன்று ஃபேன்கள் இருக்கின்றனவாம், காற்று பக்கவாட்டு இடுக்குகள் வழியே வந்துவிடுமாம். மூக்கைப் பொத்திவிட்டு, நுரையீரல் பெரிதாகத்தானே இருக்கிறது என்று கேட்பது போலிருக்கிறது. ஒரு ஸ்கேலை எடுத்து அளந்தாலே போதும். 120 மி.மீ. ஃபேனின் வாய், நடுக்குமிழைக் கழித்துவிட்டால், ஏறக்குறைய 100 சதுர சென்டிமீட்டர். மூன்றுக்கு 300. பக்க இடுக்கு 5 மி.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்றால், இரண்டு பக்கமும் சேர்ந்து 40 சதுர சென்டிமீட்டர். 300 கேட்கிற இடத்தில் 40-ஐக் கொடுத்துவிட்டு, ஃபேன்களின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுகிறார். ஒவ்வொரு ஃபேனும் 60 சி.எஃப்.எம். என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கலாம். அது எதிரே தடை ஒன்றும் இல்லாமல் அளந்த எண்.

வெளிக்காற்று கிடைக்காத ஃபேன் சும்மா இருப்பதுமில்லை. முன்பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் உள்ள ஓட்டைகள் வழியாகப் பெட்டிக்குள்ளிருக்கும் சூடான காற்றையே இழுத்துத் திரும்ப உள்ளே தள்ளுகிறது. சூடு ஏற ஏற மதர்போர்டு ஃபேன் வேகத்தைக் கூட்டும். ஒரு ஃபேனின் சுழற்சி இரட்டிப்பானால் காற்று இரட்டிப்பாகும், அதற்குத் தேவையான மின்சக்தி எட்டு மடங்காகும், சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் கூடும். கண்ணாடி முகப்பு கணினியை அமைதியாக வைத்திருக்கும் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அந்த அமைதி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கேட்டுப் பார்த்தாரா?

தயாரிப்பாளர்களே இதை ஒப்புக்கொண்டாயிற்று. என்.இசட்.எக்ஸ்.டி. நிறுவனத்தின் எச்510 கேபினட் 2019-ல் முன்பக்கம் இரும்புத் தகட்டால் அடைத்துத்தான் வந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது, நன்றாக விற்கவும் செய்தது. அதே நிறுவனம் 2021-ல் அதே கேபினட்டுக்கு முன்பக்கம் முழுக்கத் துளை போட்டு எச்510 ஃப்ளோ என்ற பெயரில் வெளியிட்டது. அடைப்பதில் தோஷமே இல்லை என்றால் அந்தத் துளைகள் எதற்கு?

துளை இருந்தால் தூசி வரும் என்பது அடுத்த வாதம். தூசி துளையைப் பார்த்து வருவதில்லை, காற்று எங்கே இழுபடுகிறதோ அங்கே வரும். முன்னால் அடைத்து, பின்னால் ஒரு ஃபேன் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் உள்ளே அழுத்தம் குறையும். அந்தக் குறையை நிரப்பக் காற்று யு.எஸ்.பி. ஓட்டை, ஸ்லாட் இடுக்கு, பக்கப் பலகை ஓரம் என்று ஃபில்டரே இல்லாத வழிகளில் எல்லாம் புகும். முன்பக்கம் வலை, அதற்கு உள்ளே கையால் உருவிக் கழுவக்கூடிய ஃபில்டர், வெளியேறுவதைவிட உள்ளே வரும் காற்று கொஞ்சம் கூடுதல் என்று அமைத்தால் தூசி ஃபில்டரில் நிற்கும். ஃபில்டரைக் கழுவுவது ஐந்து நிமிட வேலை. கேபினட்டைக் கவிழ்க்காமல் அதை உருவ முடிகிறதா என்பது கடையிலேயே பார்த்துவிடக்கூடிய விஷயம், கட்டுரையில் அது இல்லை. மலிவுக் கேபினட்டுகளில் பின்பக்க ஸ்லாட் மூடிகளை ஒரு தடவை உடைத்து எடுத்தால் திரும்ப மாட்ட முடியாது என்பதும் இல்லை. அந்தத் திறந்த ஸ்லாட் வழியே நம் வீடுகளில் உள்ளே போவது தூசி மட்டுமா? பல்லியும் எறும்பும் மதர்போர்டுமேல் என்ன செய்யும் என்று எந்த சர்வீஸ் கடைக்காரரும் கதை கதையாகச் சொல்வார்.

அலுமினியக் கேபினட் வாங்கினால் பெட்டியே ஹீட்சிங்க் ஆகிவிடும் என்கிறார். கேட்க விஞ்ஞானம் மாதிரி இருக்கிறது. ப்ராசஸர்மேல் ஹீட்சிங்க் வேலை செய்வதற்குக் காரணம், இடையில் பேஸ்ட் தடவி அதை அழுத்தி ஒட்டியிருப்பது. கேபினட் தகடு எந்தச் சூடான பாகத்தையும் தொடுவதில்லை, நடுவில் காற்று நிற்கிறது. நடுத்தர அளவுக் கேபினட்டின் மொத்தப் பரப்பு முக்கால் சதுர மீட்டர் சொச்சம். உள்காற்று வெளிக்காற்றைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், தகடு வழியே கசிவது தாராளமாகக் கணக்கிட்டாலும் முப்பது வாட்டைத் தாண்டாது. மீதி 370 வாட் காற்றோடுதான் போக வேண்டும். தகட்டை எஃகிலிருந்து அலுமினியமாக்கினாலும் இந்த எண் பெரிதாக மாறாது, தடை தகட்டில் இல்லை, அதன் இரு பக்கமும் படிந்து நிற்கும் காற்றில்தான் இருக்கிறது. அலுமினியத்தின் லாபம் எடை குறைவு, துரு பிடிக்காது என்பவைதான். அதற்காக வாங்கலாம்.

இதுவரை சொன்னவை பணத்தைத்தான் பாழாக்கும். உயிரோடு விளையாடுகிற ஒரு ஆலோசனையும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. எஃகுக் கேபினட்டைத் தொட்டால் சில வீடுகளில் ஷாக் அடிக்கிறது, ஆகவே பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கூடுதலாக உள்ள கேபினட்டே பாதுகாப்பு என்கிறார்.

கணினியின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். உள்ளே மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடம்புக்கு ஆளுக்கொரு சின்னக் கெபாசிட்டர் போட்டிருப்பார்கள். வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் சரியாக இருந்தால் அதன் வழியே கசியும் துளி மின்சாரம் தரைக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட் உடம்பில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி வந்து நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் விரலில் சுருக்கென்று கடிப்பதோடு போகிறது. அந்தக் கடி, உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்று கேபினட் கொடுக்கும் எச்சரிக்கை. கட்டுரையாளர் எச்சரித்தவனின் வாயைப் பொத்தச் சொல்கிறார். நாளைக்கு எஸ்.எம்.பி.எஸ். உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் அறுந்து உடம்பைத் தொட்டால், எர்த் உள்ள எஃகுப் பெட்டி ஃப்யூஸைப் போக்கிவிட்டு உங்களைக் காப்பாற்றும். எர்த் இல்லாத வீட்டில் பிளாஸ்டிக் முகப்பு என்ன செய்யும்? பின்பக்க உலோகத் தகடும் ஸ்க்ரூவும் யு.எஸ்.பி. முனையும் அதே உடம்போடுதான் சேர்ந்திருக்கின்றன, பென்டிரைவ் சொருகும்போது விரல் அங்கேதான் படும். ஷாக் அடித்தால் கேபினட்டை மாற்ற வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயிண்டின் மூன்றாவது துளையைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள்.

கேபினட்டோடு 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். இலவசமாகக் கிடைக்கிறது என்று மகிழ்கிறார். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் அந்தப் பெட்டியைத் திருப்பி லேபிளைப் படிக்கலாம். இன்றைய கணினி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் 12 வோல்ட் இணைப்பிலிருந்துதான் எடுக்கிறது. 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்றிருந்தால் அது 168 வாட். 450 என்பது பெட்டிமேல் உள்ள ஸ்டிக்கர். கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமே 200 வாட் கேட்கும் கணினிக்கு இதைச் சிபாரிசு செய்கிறவர், அது எரிந்தால் மதர்போர்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்வாரா?

பெரிய நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று முன்கூட்டியே வாயடைக்கப் பார்க்கிறார். ஆப்பிளைவிடப் பெரிய பெயர் வேண்டுமா? 2013-ல் அவர்கள் வெளியிட்ட மேக் ப்ரோ கறுத்த உருளை. நடுவில் முக்கோண ஹீட்சிங்க், மேலே ஒரே ஒரு ஃபேன், அழகுக்குக் குறையே இல்லை. வெப்பத்தை மூன்று பக்கத்துக்கும் சமமாகப் பங்கு போட்ட அந்த வடிவத்தில், அதிகச் சூடாகும் ஒற்றைக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இடம் இல்லாமல் போயிற்று. வெப்ப விஷயத்தில் நாங்களே எங்களை மூலையில் மாட்டிக்கொண்டோம் என்ற பொருளில் ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2017-ல் பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். 2019-ல் அடுத்த மேக் ப்ரோ வந்தபோது முன்பக்கம் முழுக்கத் துளைகள், அவற்றின் பின்னால் மூன்று பெரிய ஃபேன்கள். சீஸ் துருவி என்று கேலி செய்தார்கள். அந்தத் துருவிக்குள் காற்று போயிற்று.

என்.இசட்.எக்ஸ்.டி.யின் எச்1 கதை இன்னும் மோசம். 2020-ல் வந்த ஒல்லியான, கண்ணாடி முகப்பு கொண்ட, எல்லோரும் மெச்சிய கேபினட் அது. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் ரைசர் பலகையைச் சட்டத்தோடு பிணைத்த இரண்டு உலோக ஸ்க்ரூக்கள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்பு இருந்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்போடு அந்த நாட்டில் மட்டும் சுமார் 32,000 கேபினட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. வெறும் பெட்டியாம்.

விளக்குகளை நான் தொடப் போவதில்லை, எரியட்டும். பக்கவாட்டுக் கண்ணாடியும் காற்றைத் தடுப்பதில்லை. ஆனால் அதைக் கழற்றித் தரையில் நிறுத்தும் முன் தரையைப் பாருங்கள். டெம்பர்டு கிளாஸின் பலம் அதன் முகத்தில் இருக்கிறது, விளிம்பும் மூலையும் பலவீனமானவை. நம் வீட்டு டைல்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். மூலை ஒன்று டைல்ஸில் மெல்ல இடித்தாலே மொத்தக் கண்ணாடியும் பொடிப்பொடியாகிவிடலாம். துணி விரித்து வையுங்கள் என்று ஒரு வரி எழுதினால் கட்டுரையின் அழகு கெட்டிருக்குமா?

அளவுகளைப் பற்றியும் மூச்சே இல்லை. நாக்டுவா என்எச்-டி15 கூலரின் உயரம் 165 மி.மீ. கேபினட் 155 மி.மீ.க்குத்தான் இடம் தந்தால் அவர் மயங்கிய அந்தக் கண்ணாடி மூடாது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் நீளம் 304 மி.மீ., மற்ற நிறுவனங்கள் செய்தவற்றில் பெரும்பாலானவை அதைவிட நீளம். கூலருக்கும் கார்டுக்கும் எவ்வளவு இடம் என்பது கேபினட் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நல்ல கேபினட் வாங்கினால் அது வீணும் ஆகாது. மதர்போர்டு ஸ்க்ரூ துளைகளின் இடங்கள் இன்டெல் 1995-ல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவிலேயே இன்றும் நிற்கின்றன. ப்ராசஸர் இரண்டு முறை மாறினாலும் பெட்டி அதேதான்.

டேலி போட்டுக் கணக்கு எழுதும் 60 வாட் கணினிக்கு எந்தப் பெட்டியும் போதும், அங்கே அவரோடு எனக்குச் சண்டையில்லை. அவர் எழுதியது அந்தக் கணினிக்கு இல்லை. எனவே அவரிடம் ஒன்று கேட்கிறேன். தாம் பரிந்துரைத்த கேபினட்டில், தாம் சொன்ன பாகங்களையே போட்டு, ஏசி இல்லாத அறையில், முன்பலகையை மாட்டி அரை மணி நேரமும் கழற்றி அரை மணி நேரமும் முழு வேலை கொடுத்து ஓட்டட்டும். கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பம், ப்ராசஸரின் வெப்பம், ஃபேனின் வேகம் மூன்றையும் இரண்டு முறையும் குறித்து அடுத்த கட்டுரையில் அப்படியே அச்சிடட்டும். அதுவரை அவர் பேச்சைக் கேட்டு யாரும் கண்ணாடி முகப்புக் கேபினட் வாங்க வேண்டாம்.