முள் குத்தியதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

ரோஜா முள் குத்தினால் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறோம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆறாமல் போகும் சில காயங்களைப் பற்றித்தான் இன்று மாணவர்களிடம் பேச விரும்புகிறேன்.

மண்ணிலும் மட்கும் இலைதழைகளிலும் ஸ்போரோதிரிக்ஸ் என்றொரு பூஞ்சை வாழ்கிறது. முள்ளோ மரச்சிராயோ தோலைக் கிழிக்கும்போது அது உள்ளே புகுந்துவிடும். ஒரு வாரம் முதல் மூன்று மாதத்திற்குள் அந்த இடத்தில் சிறு கட்டி எழும்பும், பெரும்பாலும் வலிக்காது. பிறகு புண்ணாகும். அங்கிருந்து நிணநீர்க் குழாய் செல்லும் வழியில், முன்கையில் வரிசையாக வேறு கட்டிகளும் தோன்றலாம். மண்ணில் இழை இழையாக வளரும் இப்பூஞ்சை, 37 பாகை செல்சியஸ் உடற்சூட்டில் ஈஸ்ட் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. உயிரியல் பயில்வோருக்கு இது சுவையான செய்தி, நோயாளிக்கு அல்ல.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மருத்துவ மாணவராக இருந்த பெஞ்சமின் ஷெங்க் என்பவர்தான் இதை முதலில் கண்டறிந்தார். 1898இல் அவர் கட்டுரை வெளிவந்தது. கண்டுபிடித்தவர் பேராசிரியர் அல்லர், மாணவர் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், கட்டி எழும்பும்போது முள் குத்தியதே நமக்கு மறந்திருக்கும். நாம் சொல்லாவிட்டால் டாக்டர் சாதாரணப் புண் என்று எண்ணி ஆண்டிபயாட்டிக் கொடுக்கக்கூடும். அது பூஞ்சையை ஒன்றும் செய்யாது. புண்ணின் திசுவை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் உண்மை தெரியும். பிறகு இட்ராகோனசோல் மாத்திரை. மூன்று முதல் ஆறு மாதம் வரை விடாமல் சாப்பிட வேண்டும். புண் ஆறியதுபோல் தெரிகிறதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

மலேசியாவில் இன்னொரு வழியும் உண்டு: பூனை. இங்கே பதிவான நோயாளிகள் பலருக்குப் பூனையின் கீறலிலிருந்தே இது தொற்றியிருக்கிறது. மூக்கிலும் முகத்திலும் ஆறாத புண் உள்ள பூனையை வெறுங்கையால் தூக்காதீர்கள். அதற்காகத் தெருவில் விரட்டவும் வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டினால் அதற்கும் சிகிச்சை உண்டு.

பள்ளிக் கூட்டுப்பணியில் மாணவர்களை வெறுங்கையோடு புல் பிடுங்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மண்வெட்டி வாங்கும் பணத்தில் தடித்த கையுறையும் வாங்கலாம். உணவுக்கடையில் மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறை முள்ளைத் தடுக்காது.