மணல் விற்போரும் மின்கலம் வாங்குவோரும்

நம் நாட்டு மண்ணிலே காரீயம் கிடக்கிறது. சிலிக்கன் தரும் வெண்படிகக் கல்லும் கிடக்கிறது. நாளைய உலகின் மின்கலங்களெல்லாம் நம்மை நம்பியே இயங்கும். ஆகவே நம் வறுமை தீர்ந்தது! மேடைகளிலே அடிக்கடி எழும் முழக்கம் இது. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டோரத்தில், கலா ஓயா களப்பைச் சேரும் எலுவன்குளத்தில் நின்று இதனைக் கேட்போர்க்கு நகைப்பே வரும்.

கனிவளம் தோண்டப்பட்ட ஊருக்கு என்ன எஞ்சும் என்பதை அவர்கள் கண்ணாற் கண்டவர்கள். அயலிலுள்ள அருவாக்காட்டில் பல பத்தாண்டுகளாகச் சுண்ணக்கல் வெட்டப்பட்டது. கல் புகைவண்டியேறிப் பாலாவிச் சீமெந்து ஆலைக்குப் போயிற்று. பள்ளம் இங்கேயே நின்றது. 2017 ஏப்ரிலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட ஏழை உயிர்களைக் குடித்தபின், கொழும்பின் கழிவுக்கு ஆட்சியாளர் தேர்ந்த இடம் இப்பள்ளந்தான். புத்தளத்து மக்கள் வீதியிலிறங்கி மறுத்தனர். 2019இல் குப்பை வந்து சேர்ந்தது.

இனி, சிலிக்கன் கதைக்கு வருவோம். கைத்தொலைபேசியிலும் மின்னூர்தியிலும் உள்ள இலிதியம் மின்கலத்தின் எதிர்முனை பெரும்பாலும் காரீயத்தாலானது. ஒரு கிராம் காரீயம் 372 மில்லி அம்பியர் மணி அளவு மின்னேற்றத்தைத் தாங்கும். அதே நிறையுள்ள சிலிக்கன் ஏறக்குறைய பத்து மடங்கு தாங்கும். ஆயின் இலிதியத்தை உட்கொள்ளும்போது சிலிக்கன் மூன்று நான்கு மடங்கு பருக்கிறது, வெளிவிடும்போது சுருங்குகிறது. இவ்வாறு சிலமுறை பருத்துச் சுருங்கினால் வெடித்துப் பொடியாகிறது. இந்த ஒரு சிக்கலை அவிழ்ப்பதற்கே உலகின் ஆய்வுகூடங்கள் பல்லாண்டுகள் உழைத்தன.

காரீயத்தின் இடத்தைப் பறிக்க வந்த பண்டமே சிலிக்கன் என்பதையும் ஈண்டுக் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சிற் புகழ்ந்து இரண்டாலும் செல்வம் வருமென்போர், ஒன்று மற்றொன்றின் போட்டியாளன் என்பதை அறியார் போலும்!

அமெரிக்காவின் சிலா நானோ டெக்னாலஜீஸ் என்னும் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 2011இல் தோன்றிய இது, சிலிக்கன் உள்ளே பருப்பதற்கு இடம் விட்ட நுண்துகள்களை ஆக்க முயன்றது. அதன் முதற் சரக்கு, கையிற் கட்டும் உடற்பயிற்சிக் கருவியொன்றிற் புகுந்து கடைக்கு வந்தது 2021இல்; பத்தாண்டுகள் சென்றபின். தனிமனித முயற்சியின் வெற்றி என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் இதைப் பாடும். உண்மை வேறு. அதை நிறுவியோருள் ஒருவர் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர். அது பொதுமக்கள் வரிப்பணத்தில் நடக்கும் கல்விக்கூடம். வாஷிங்டன் மாநிலத்து மோசஸ் லேக்கில் எழுந்த அதன் ஆலைக்கு 2022இல் அமெரிக்க அரசு அறிவித்த உதவி 10 கோடி டொலர். அந்த வட்டாரத்தின் மலிவான மின்சாரம், கொலம்பியா ஆற்றில் மக்களுக்குச் சொந்தமான அணைகளிலிருந்து வருவது. அறிவு பொது, மின்சாரம் பொது, மூலதனத்தின் ஒரு பங்கும் பொது. இலாபமும் காப்புரிமையும் மட்டுமே தனியாருடையன.

மணலை அள்ளி உலையிலிட்டாற் சிலிக்கன் வந்துவிடும் என்று எண்ணுவோரும் உளர். நம் மாவட்டத்தின் தெற்கே நாத்தாண்டியாவில் உள்ள சிலிக்கா மணல் கண்ணாடிக்கு உதவுவது. சிலிக்கன் உலை கேட்பது தூய படிகக் கற்கட்டிகளை. அவற்றைக் கரியோடு சேர்த்து மின்னுலையில் 2,000 பாகை அளவிலே உருக்க வேண்டும். ஒரு தொன்னுக்குப் பதினோராயிரம் அலகுக்கு மேல் மின்சாரம் செலவாகும். அதன்பின் வாயுவாக்கித் தூய்மை செய்தல்; அதன்பின் நுண்துகளாக்கல். நமக்கோ களப்பின் மறுகரையில், நுரைச்சோலையில், இறக்குமதி நிலக்கரியை எரிக்கும் 900 மெகாவாற்று நிலையம். காற்றும் வெயிலும் வேண்டுமளவு உண்டு. சேமித்துவைக்க மின்கலம் இல்லை. 2025 ஏப்ரில் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே மக்களை வேண்டிக்கொண்டது. மின்கலப் புரட்சியின் தாயகம் எனப்படும் நாட்டில் வெயிலை வீணாக விட்டோம்!

காரீயத்தின் வரலாறும் நமக்குப் பாடந்தான். வெள்ளையர் காலத்திலிருந்து போகலவிலும் கஹட்டகஹவிலும் நிலத்தடியில் இறங்கித் தொழிலாளர் அதனை வெட்டினர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஏற்றுமதி உச்சத்தை எட்டியது. பிற நாட்டு ஆலைகள் அதைக் கொண்டு உலோகம் உருக்கும் மூசைகள் செய்தன. 1971இல் அரசு சுரங்கங்களை ஏற்றது; பின்வந்த அரசுகள் போகலவைத் தனியாருக்கு விட்டன. இன்று மின்கலத்துக்கான காரீயம் பதமாக்கப்படுவது பெரும்பாலும் சீனாவில்.

ஆனால், கல்லைத் தொடவே வேண்டாம் என்கிறார் நம் நண்பர் சிலர். அதனை நாம் ஏற்கவில்லை. தோண்டுவது குற்றமன்று; தோண்டியதைத் தோண்டியபடியே கப்பலேற்றுவதும், பள்ளத்தை ஊருக்கு விடுவதுமே குற்றம். "பெறுமதி சேர்த்தல்" என்று அமைச்சர்கள் மந்திரம் ஓதுகிறார்கள். பெறுமதியைச் சேர்ப்பது மனித மூளையும் கையும் அன்றோ? 2008இல் நனோ தொழில்நுட்ப நிறுவனமொன்றை அமைத்தோம், நல்ல காரியம். ஆயினும் ஆராய்ச்சிக்கு நாம் ஒதுக்குவது தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 0.1 அளவே. ஏறக்குறைய 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானம் கற்பிப்பவை ஆயிரத்துச் சொச்சம். ஆசிரியராகிய நம்மில் எத்தனை பேர், கரும்பலகையில் வெண்கட்டியாற் கீறிய குடுவையைக் காட்டி இரசாயனம் கற்பிக்கிறோம்!

இனி எந்தக் கம்பெனியேனும் கல்லையோ மணலையோ கேட்டு வருமாயின், நாம் முதலிற் கேட்க வேண்டியவை உண்டு. தோண்டிய நிலம் எவ்வாறு மீட்கப்படும்? பதமாக்கும் ஆலை எந்த ஊரில் அமையும்? அங்கே இரசாயனப் பொறுப்பில் நிற்பவர் யார்? புத்தளம் மாவட்டத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளுள் எத்தனையில் ஆய்வுகூடமும் அதற்கு ஆசிரியரும் உண்டு? இவற்றின் விடையை உடன்படிக்கையின் முதற் பக்கத்திலேயே எழுதட்டும்; கையொப்பம் அதன் பிறகு.