விதைக்கு ஒரு காய் விடுங்கள்!



ஆடியில் விதைத்த வீட்டுத் தோட்டம் தை பிறந்ததும் ஓய்ந்துவிடுகிறது. கத்தரி இலை பழுத்து, வெண்டை முற்றிப் போச்சு. "இனி எதுக்கு இந்தச் செடி? பிடுங்கிப் போடு" என்று எங்க வீட்டிலும் சொல்றாங்க. கொஞ்சம் பொறுங்க என்பதே என் கருத்து.

நன்றாகக் காய்த்த செடியில் ஒன்றிரண்டு காயைப் பறிக்காமல் விடுவோம். கத்தரி மஞ்சளாகப் பழுக்கட்டும். விதையைத் தண்ணீரில் போட்டால் நல்லது அடியில் தங்கும், பதர் மிதக்கும். வெண்டையும் அவரையும் செடியிலேயே காயட்டும். நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வைத்தால் அடுத்த ஆடிக்கு விதை ரெடி!

"கடையில்தான் பாக்கெட் கிடைக்குதே?" என்று கேட்கலாம். அதில் பல, வீரிய ஒட்டு ரகம். அந்தக் காயில் எடுத்த விதை தாய்ச்செடி போலவே காய்க்காது. வருஷா வருஷம் கடைக்குத்தான் போகணும். நாட்டு ரகம் அப்படியல்ல. வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் விதையைக் கைவிடாததால் வந்த பெருமை அது!

நம்ம தெருப் பாட்டி வேலியில் படரும் அவரைக்குப் பாக்கெட் கிடையாது. இந்தத் தையில் யாரும் விதை எடுக்கவில்லை என்றால் அது அவரோடு போய்விடும். குழம்பில் இரண்டு காய் குறைந்தால் என்ன நஷ்டம்?

நண்பர்களே, விதையைக் காகிதத்தில் மடித்து, பெயரும் ஊரும் எழுதிக் கொண்டுவாருங்கள். ஆடிக்கு முன் வகுப்பிலேயே மாற்றிக்கொள்வோம்!