சுரண்டி எடுத்த காடிகள்

பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்களின் வீடியோக்களை என் வயதுப் பொறியாளர்கள் பலர் ராத்திரி கண்விழித்துப் பார்க்கிறார்கள். நானும்தான். போர்க்காலத்தில் மாற்றியமைத்த துப்பாக்கி என்றால் அங்கே தனி மவுசு. 1916இல் லீ-என்ஃபீல்டைச் சீக்கிரம் செய்து தள்ள வேண்டும் என்று, தொலைதூரத்துக்குக் குறிபார்க்கும் தகட்டையே பிரிட்டன் கழற்றிவிட்டது. எங்க பாஷையில், ரிலீஸ் தேதிக்காக ஃபீச்சரை வெட்டுவது. இதை ரசிப்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை 1858 மாடல் பற்றி. துப்பாக்கிக் குழலுக்குள் சுருளாக ஓடும் காடிகள்தான் குண்டைச் சுழற்றி, குறி தப்பாமல் தூரத்துக்கு அனுப்புகின்றன. 1857 எழுச்சிக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களுக்கென்றே காடி இல்லாத என்ஃபீல்டு வந்தது. தூரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் தகடும் போச்சு. அந்த இடத்தில் அசையாத ஒரு இரும்புக் கட்டை. வெளியே பார்த்தால் அதே துப்பாக்கி. சுட்டால்தான் தெரியும், வெள்ளைச் சிப்பாயின் குண்டு எட்டும் தூரத்தை இது எட்டாது என்று. குழலைக் குடைந்ததில் சுவர் மெலிந்துபோய், 1859 மாடலுக்குக் கனமான குழல் போட வேண்டியதாயிற்று. அந்த அளவுக்குப் பயம்.

அடுத்தது இச்சாப்பூர் .410 மஸ்கட். .303 ரைஃபிளின் காடிகளைக் குடைந்தெடுத்து, மேகசினில் மரக்கட்டை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா என்று போலீசுக்கும் சிறைக்காவலர்களுக்கும் கொடுத்தார்கள். 1949 என்று பொறித்தவையும் உண்டு. வெள்ளைக்காரன் போய் இரண்டு வருஷம் கழித்து யாரை நம்பாமல் செய்தார்கள்? சேகரிப்பவர்களுக்கு அந்தக் கேள்வியே வராது. மரக்கட்டை ஒரிஜினலா என்றுதான் கேட்பார்கள்.

“மெஷினை மெஷினாப் பாரு, பாஸ்” என்கிறார்கள். எதற்காக மாற்றினார்கள் என்று படிக்காமல் கோடைப் புகழ்கிற ஆளை நான் டீமில் சேர்க்க மாட்டேன்.

நான் வீராம்பட்டினத்துக்காரன். பக்கத்தில்தான் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அடுக்கு அடுக்காகத் தோண்டினார். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாவிட்டால் பானைச் சில்லு ஊமை. துப்பாக்கியும் அப்படித்தான். அதுவும் இங்கே அது இன்னும் பழம்பொருளாகவில்லை. உத்தரப் பிரதேச போலீஸ் .303க்கு விடைகொடுத்ததே 2020 ஜனவரியில். 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலைத் தகராறில் எங்க ஊரும் நல்லவாடும் மோதியபோது, கூட்டத்தைக் கலைக்க போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. அந்தச் சத்தம் கேட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, குழலுக்குள் டார்ச் அடித்துக் காட்டி ‘என்ன அழகு’ என்பவரோடு என்னால் தலையாட்ட முடியாது. டார்ச் அடிக்கட்டும். அந்தக் காடிகளை யார், யாருக்குப் பயந்து எடுத்தார்கள் என்பதையும் சொல்லட்டும்.