அப்பனிடமிருந்து வந்தது

பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையா? "அப்பனும் அஞ்சாங்கிளாஸைத் தாண்டலியே" என்று பேச்சை முடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தொழிற்சாலை, துறைமுக லாரி, அனல்மின் சாம்பல் நடுவே வளரும் குழந்தைகள் விஷயத்தில் அந்தப் பேச்சு பாதிக் கிணறு தாண்டுவது போலத்தான்.

2005-06இல் போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்டோர், அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து சென்னையில் 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மூளையைப் பாதிக்கும் ஈயத்தின் சராசரி அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். 5 இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும், ஈயம் கலந்த பெட்ரோலை நாடு 2000இலேயே நிறுத்திய பிறகு!

இதே குழந்தைகளிடம், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் தொடர்பான டிஆர்டி2 மரபணுவையும் பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவு சுவாரசியமானது. நல்ல ஹீமோகுளோபின் அறிவுத்திறனுக்குத் தரும் காப்பு, அந்த மரபணுவின் ஒரு மாற்றுவடிவம் இரு பிரதியிலும் உள்ளவர்களிடம் குலைகிறது; ஈயத்தின் பாதிப்பும் அவர்களுக்குக் கூடலாம். ஒரே தெருப் புழுதி ஒரு பிள்ளைக்குக் கீறல், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காயம்.

மரபணுவை மாற்ற முடியாது. புழுதியையும் சாப்பாட்டுத் தட்டையும் மாற்றலாம்.

இரும்புச்சத்து குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் நல்லதுதான். ஆனால் அது ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் கைகொடுக்கிறது. கண்டதையும் வாயில் வைக்கும் வயதோ ஒன்று, இரண்டு. ஆகவே முருங்கைக்கீரையும் முட்டையும் அங்கன்வாடியிலேயே தாராளமாகக் கிடைக்க வேண்டும்.

ரத்தசோகைக்கு விரலைக் குத்துகிறோமே, அப்போதே ஈயத்துக்கும் இன்னொரு சொட்டு எடுத்தால் என்ன? திருவொற்றியூர், எண்ணூர் அங்கன்வாடிகளில் அரசு இதைத் தொடங்க வேண்டும். குத்துமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரல் தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். கூடுதலாக வந்தால் சிரையில் ரத்தம் எடுத்து உறுதிசெய்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்: உரியும் பழைய பெயின்ட், அருகில் பேட்டரி உருக்கும் கொட்டகை, வேலை முடிந்து வந்த அப்பா கழற்றாமலே பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் சட்டை.